ஈயத்தாளில் வந்த படக்கதை

பிற்பகல் மூன்றேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது அவருடைய மூக்கு. விரித்துப் பிடித்த ஒரு படக்கதைப் புத்தகத்தின் நடுமடிப்பில் அது பாதி புதைந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார், புத்தகத்தை மூடினார், மேசையின் இடது ஓரத்துக்குத் தள்ளினார்.

“பழுது” என்றார்.

அது எனக்குச் சொன்னதல்ல. நான் வாசலில் நிற்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தார்.

“புதுசா வந்த சின்னக் கிளாக்கரா? உள்ள வாங்க தம்பி. கை ஈரமா இருந்தா அங்கனயே நில்லுங்க.”

கை ஈரமாகத்தான் இருந்தது. அங்கேயே நின்றேன்.

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் தோட்டங்களில் ஒன்று அது. அறுபதுகளின் தொடக்கம். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லாரும் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோருக்குப் பொறுப்பானவர் அவர். கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், எப்போது உருள வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் மூக்குக்கும் விரல்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயங்கள். ‘டீமேக்கர் ஐயா’ என்றால் தோட்டத்தை நடத்தும் துரைகூட ஒரு வார்த்தை குறைத்துப் பேசுவார். நோர்வூட் பக்கத்துக் கங்காணி ஒருவரின் மகன் என்று சொன்னார்கள். அவரே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் அந்த வாரத்துத் தேயிலையின் நிறைக் கணக்கை வாங்க, தோட்ட ஆபீசின் இளைய குமாஸ்தாவான நான் ஸ்டோருக்குப் போவேன். ஹட்டன் பத்திரிகைக் கடையிலிருந்து அவருடைய புத்தகக் கட்டும் சனிக்கிழமைதான் வரும். அதனால் அவர் தேர்ந்தெடுப்பதை அனேகமாக வாரந்தோறும் பார்த்தேன்.

மதராசில் அச்சான தமிழ்ப் படக்கதைகளும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் ஆங்கிலப் புத்தகங்களும் கட்டில் கலந்திருக்கும். புதிதாக எது வந்தாலும் இரண்டு பிரதி அனுப்பும்படி கடைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். இரண்டில் நல்லது தேறும். பெரும்பாலும் இரண்டுமே தேறாது. மணம் சரியில்லை என்றால் படத்தைப் பார்க்கவே மாட்டார். மணம் தேறினால் அட்டையின் மூலைகள். மூலைகள் தேறினால், சிவப்பு மை கோட்டை விட்டு வெளியே வழிந்திருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார். கதாநாயகனின் சட்டைச் சிவப்பு அவன் கழுத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், அந்தக் கதாநாயகன் எத்தனை கொள்ளைக்காரரை வென்றாலும் இடது ஓரத்துக்குப் போய்விடுவான். கடைசிப் பக்கத்தில் ‘தொடரும்’ என்று இருந்தால் முதல் பக்கம் திறக்கப்படாது.

“முடிவு இல்லாதத எவன் வாங்குவான்? கடைக்காரன் என்ன என் மாமனாரா, வாரா வாரம் போய்க் குசலம் விசாரிக்க?”

எங்கள் பக்கத்துப் பனியில் புத்தகத்தைப் பிணைக்கும் கம்பி சீக்கிரமே துருப்பிடித்து நடுப்பக்கத்தில் காவிக்கறை விடும். தேறிய புத்தகத்தின் கம்பிகளை அவர் சிறு கத்தரியால் நெம்பி எடுத்துவிட்டு, வெள்ளை நூலால் தைப்பார். அதே துளைகள் வழியாக. புதுத் துளை ஒன்று விழுந்துவிட்டால் அந்தப் புத்தகமும் பழுது.

தேறியவற்றை வைக்கும் அலுமாரி அவர் வீட்டில் இல்லை. ஸ்டோரின் மேல்மாடியில், கீழே தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூடு ஏறும் சுவரோரம் நின்றது. தோட்டத்திலேயே ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில், தூள் அரிக்கும் பெண் ஒருத்தி தன் பிள்ளையின் போர்வையை அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் காயப்போடலாமா என்று கேட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எதுவும் காய்வதில்லை, பிள்ளைக்கு மார்ச்சளி என்றாள்.

“பால் வாடை தேயிலையில ஏறும்” என்றார் அவர்.

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அவர் சொல்லும் காரணங்களில் பொய் இருக்காது. அந்தப் பெண் போர்வையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேலை முடியும் வரை உடம்புச் சூட்டில் காயவைத்தாள்.

இப்படி எழுதினால் அவரை ரசனை இல்லாத மனிதர் என்று வாசகர் நினைக்கலாம். அது தவறு. ஒரு நாள் என் கையைத் துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பக்கத்தைக் காட்டினார். வசனமே இல்லாத பக்கம். ஒரு துறைமுகம், மழை, விளக்குக் கம்பத்தின் கீழே ஓடும் ஒரு மனிதன்.

“நெழலப் பாருங்க தம்பி. வெளக்குக்கு எதிர்ப்பக்கம் விழுது. தண்ணி தேங்கின எடத்துல மட்டும் உடைஞ்சிருக்கு. இத வரைஞ்சவன் மழையில நின்னவன். மத்தவனெல்லாம் மழைய ஜன்னல் வழியா பார்த்தவன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்கத்தின் அழகு எனக்கும் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் நிழலைத் தேடுகிறேன்.

பழுதானவற்றை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. கழிவுத் தேயிலை வெளியே போகக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்பது ஸ்டோர் விதி. புத்தகத்துக்கும் அவர் அதையே வைத்திருந்தார். மாலையில் அவற்றை எடுத்துப்போய் உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்பில் போடுவார். இதைக் கேள்விப்பட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு நாள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறாகியிருந்தது.

“எரிக்கிறதெண்டால் எங்கட பிள்ளையளுக்குத் தாங்கோவன். அதுகளுக்கு வாசிக்க ஒண்டும் இல்லை.”

“நல்லதத் தரமாட்டேன் மாஸ்டர்.”

“நல்லதை ஆர் கேட்டது? நீங்கள் வேண்டாமெண்டு எறியிறதைத்தானே கேக்கிறன்.”

“அதத்தான் தரக்கூடாது. கெட்ட படத்தப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அப்புறம் நல்லது தெரியாது. ஒண்ணுமே பார்க்காத கண்ணு அதைவிடத் தேவல.”

சொல்லிக்கொண்டே அடுப்புக் கதவைத் திறந்தார். வாத்தியார் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றாகப் போட்டார். மொத்தமாகப் போட்டால் நடுவில் உள்ளது எரியாமல் தங்கிவிடுமாம். கடைசிப் புத்தகத்தின் அட்டையில் ஒரு யானை இருந்தது. “யானையை எண்டாலும்...” என்று வாத்தியார் கையை நீட்டினார். “அஞ்சு கால் போட்டு வச்சிருக்கான்” என்றார் அவர்.

கந்தப்பளையில் அவருக்குப் பெண் பார்க்கப் போனபோது, ஆபீசில் எனக்கு மேலிருந்த பெரிய கிளாக்கரும் நானும் கூடப் போனோம். அவருக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி, வெள்ளை கோட்டு, வாரிவிட்ட தலை, பார்க்க நன்றாகவே இருப்பார். பெண் தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். அவர் கோப்பையை எடுத்து மணந்தார், ஒரு வாய் குடித்தார், பிறகு பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பெரிய கிளாக்கருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவசரமாக மழையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார்.

“எடது கண்ணு ஒரு நூல் கீழ இருக்கு” என்றார் அவர். மெதுவாகச் சொல்லவில்லை.

பெண்ணின் தகப்பனார் தரையைப் பார்த்தார். பெண் தரையைப் பார்க்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தே கேட்டாள்.

“ஐயா பொண்ணு பார்க்க வந்தீங்களா, தூள் பார்க்க வந்தீங்களா? தூள்னா சொல்லுங்க, எங்க ஸ்டோரு அந்தப் பக்கம் இருக்கு.”

திரும்பி வரும் பஸ்ஸில் நுவரெலியா தாண்டியதும் பெரிய கிளாக்கர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். “ஏங்க, ஒரு நூலுக்காகவா?” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “ஒரு தடவ பார்த்துட்டேன். இனிமே எனக்கு அது மட்டுந்தான் தெரியும்.”

இதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். அவருக்கு அது உண்மையிலேயே ஒரு வேதனையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வேதனையை அவர் தனியாக அனுபவித்து நான் பார்த்ததில்லை. எப்போதும் அதைத் தாங்க அவர் முன்னால் இன்னொருவர் நிற்பார்.

சன்னாசி அப்படி முன்னால் நின்றவர்களில் ஒருவர்.

சன்னாசி தோட்டத்தின் தபால்காரர். நோர்வூட் தபாற்கந்தோருக்குப் போய்த் தோட்டத்துக் கடிதங்களையும், ஹட்டன் பஸ்ஸில் வந்திறங்கும் புத்தகக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி வருவார். முன்பு ஸ்டோரில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்தவர். அந்த இயந்திரம் அவருடைய வலது கையில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் விட்டுவைத்தது. அந்தக் கையால் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. தபால் பை ஒன்றுதான் தோளில் தொங்கும். அந்த வேலை போனால் தோட்டத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. அவரும் இதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிக்கொள்வார்.

“மத்தவனுக்குப் பத்து வெரலுக்குப் பத்து வேல இருக்கு. எனக்கு ஏழு வெரலு, ஒரே வேல. தொலைச்சேன்னா எம்பொஞ்சாதி ராக்கம்மா என்னையத் தொலைச்சிருவா.”

அந்த வருடம் தென்மேற்கு மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கட்டு நனைந்து வந்தது. டீமேக்கர் பிரிக்காமலே அடுப்புக்கு அனுப்பினார். அடுத்த வாரம் சன்னாசி தன் கம்பளியைக் கட்டின் மேல் சுற்றிவிட்டு, வெறும் சட்டையோடு நனைந்து வந்தார்.

“ஐயா, புஸ்தகம் மாப்பிள்ளையாட்டம் வந்திருக்குங்க. நான்தான் தோழனாட்டம் நனைஞ்சு வந்தேன்.”

அவர் மணந்து பார்த்தார். “கம்பளி வாடை. லயத்துப் பொகை வாடை. பழுது.”

அதற்கடுத்த வாரம் மெழுகுத் துணி. அதில் எண்ணெய் வாடை. மழை விடவில்லை, புத்தகங்களும் தேறவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்.

“சன்னாசி, அடுத்த வாரம் புதுசா ஒண்ணு வருது. முதல் இதழ். கடைக்காரன்கிட்ட ஒரே பிரதிதான் இருக்கு. அது பழுதாச்சுன்னா துரைகிட்ட சொல்லி ஆள மாத்திருவேன்.”

சன்னாசி என்னைப் பார்த்தார். நான் நிறைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அடுத்த சனிக்கிழமை மழை குறுக்குப் பாதையை ஓடையாக்கியிருந்தது. சன்னாசி சொட்டச்சொட்ட வாசலில் நின்று, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மங்கிய வெள்ளியாக மின்னியது. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் இறங்காமலிருக்க உட்புறம் முழுவதும் ஈயத்தாள் ஒட்டுவார்கள். அந்தத் தாள். நான்கு பக்கமும் மடித்து, பெட்டி மூடுவதுபோலவே மூலைகளை உள்ளே செருகியிருந்தார். ஏழு விரல்களால் அதைச் செய்ய வெகுநேரம் பிடித்திருக்கும்.

டீமேக்கர் பொட்டலத்தைப் பிரித்தார். மணந்தார். மூலைகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். அட்டையில் பாய்மரம் விரித்த ஒரு கப்பல். மையின் சிவப்பு கோட்டுக்குள் நின்றது. கடைசிப் பக்கத்தில் ‘முற்றும்’ என்று இருந்தது. நடுப்பக்கத்துக் கம்பி இரண்டையும் நகத்தால் தடவினார்.

“தேறும்” என்றார்.

இத்தனை மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நல்ல சிரிப்பு. சன்னாசியும் சிரித்தார்.

“பார்த்தீங்களாங்க ஐயா! தேயிலையே இதுக்குள்ள உக்காந்துகிட்டு லண்டன் வரைக்கும் நனையாம போகுது. நோர்வூட்டுலேருந்து இங்க வர்றதுக்கு இது போதாதாங்க?”

அவர் புத்தகத்தை மேல்மாடிக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிட்டு வந்தார். மேசையில் கிடந்த ஈயத்தாளை எடுத்து நீவினார், நான்காக மடித்தார்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“நம்ம ஸ்டோருக்குப் பின்னால பள்ளத்துலதாங்க. பெட்டிக்கு வெட்டினது போக மிச்சம் கொட்டிக் கெடக்குதுங்களே.”

“யாரக் கேட்டு எடுத்த?”

சன்னாசி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். “யாரக் கேக்குறதுங்க, குப்பைதானே. ஐயா புஸ்தகத்துக்குத்தானே.”

“ஸ்டோர்ச் சாமான் ஒரு தூசு வெளிய போனாலும் களவு. ஏழு வருசம் இங்க வேல பார்த்தவன் நீ. தெரியாதா?” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க பார்த்துகிட்டுத்தான் இருந்தீங்க. திங்கக்கிழம ஆபீசுக்கு வர்றேன்.”

திங்கட்கிழமை காலை விசாரணை நடந்தது. தொழிலாளர் ஆபீசுக்குள் வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். சன்னாசி ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே துரை, பெரிய கிளாக்கர், நான், நாற்காலியில் டீமேக்கர். மேசையில் நான்காக மடித்த ஈயத்தாள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சற்றுத் தள்ளி ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றிருந்தார். சண்டை, வேலைநிறுத்தம் என்றால் பேசலாம், களவு என்று எழுதிவிட்டால் சங்கத்தில் மேலே யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்.

பெரிய கிளாக்கர் ஒரு முயற்சி செய்தார். “கழிவுதானுங்களே. பள்ளத்துல கெடந்தது.”

“பள்ளமும் தோட்டத்துலதான் இருக்கு” என்றார் டீமேக்கர்.

“உங்க புத்தகத்துக்காகத்தானே எடுத்தான்? அந்தப் புத்தகம் எங்கங்க?”

“அது என் சொந்தப் பொருள். அதுக்கும் களவுக்கும் சம்பந்தமில்ல.”

துரை தனக்குத் தெரிந்த தமிழில் சன்னாசியைக் கேட்டார், எடுத்தாயா இல்லையா என்று. சன்னாசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீமேக்கரைப் பார்த்தார். தன் பக்கத்து நியாயத்தை அவர் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தார் போலும்.

“ஐயா, புஸ்தகம் நனையலதானுங்களே?”

“நனையல.”

“வாடை ஏதும் இருந்துச்சுங்களா?”

“இல்ல.”

“கம்பி?”

“சுத்தமா இருந்துச்சு.”

சன்னாசியின் முகம் தெளிந்தது. “கேட்டுக்கங்க தொரைகளே. ஐயா வாயாலேயே சொல்லிட்டாங்க.”

துரை பெரிய கிளாக்கரிடம் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னார். பேர் வெட்டு, அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டிலிருந்து நீக்கம். புருஷன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரையும் சேர்த்து வெட்டுவது அந்தத் தோட்டத்து வழக்கம். பெரிய கிளாக்கர் இரண்டு பேரையும் வெட்டினார். சன்னாசி, தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்துவிட்டது என்ற நினைப்பில், தபால் பை எங்கே என்று கேட்டார். விஷயத்தைத் தலைவர்தான் சவுக்கு மரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

ராக்கம்மா அன்று பகல் கொழுந்துக் கூடையோடு நேரே ஸ்டோருக்கு வந்தாள். நிறைக் கணக்கில் ஒரு பிழை தீர்க்க நான் அங்கே போயிருந்தேன். அவள் அழவில்லை.

“ஐயா, ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க சொன்னா தொர கேப்பாரு. இந்த மழையில கையில்லாத மனுசன எந்தத் தோட்டத்துல ஏத்துக்குவாங்க?”

“நான் ஆபீசுல சொன்னதுல ஏதாச்சும் பொய் இருக்கா?”

அவள் யோசித்தாள். “இல்லீங்க.”

“அப்புறம் என்ன வேணும்?”

“எங்களுக்கு ஒண்ணும் வேணாமுங்க” என்றாள் ராக்கம்மா. “உங்களுக்குத்தான் ஒரு ஆளு வேணும், நீங்க செத்தா மணந்து பார்த்துத் தூக்கிப்போட.”

அவர் கோபப்படவில்லை. உருட்டிப் பரப்பியிருந்த கொழுந்தில் ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னார். ராக்கம்மா கூடையைக் கவிழ்க்காமலே திரும்பிப் போனாள்.

சனிக்கிழமைக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர்கள் ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, ஒரு கோழிக் கூடையோடு மஸ்கெலியா போகும் பஸ்ஸில் ஏறினார்கள். பிற்பகலில் அந்தக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.